அண்ணன் டிக்கெட்டில் தம்பி போகலாமா?

சென்னை போகும் இரவு வண்டியில் ஸ்ரீரங்கத்தில் ஏறி, பையைச் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு நிமிர்வதற்குள் கொள்ளிடம் பாலம் தடதடக்க ஆரம்பித்துவிடும். பெரும்பாலும் அந்தச் சத்தம் ஓயும் நேரத்தில் டி.டி.ஆர். உங்கள் பெர்த்தருகே நிற்பார்.

கீழச் சித்திரை வீதியில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். மருமகள் சென்னைக்கு டிக்கெட் எடுத்திருந்தாள். கடைசி நேரத்தில் ஆபீசில் லீவு கிடைக்கவில்லை. "நம்ம வீட்டு டிக்கெட்தானே, வீணா ஏன் போகணும்? அம்மா போயிட்டு வரட்டும்" என்றான் மகன். அம்மா ஏறினார். டி.டி.ஆர். ஐ.டி. கேட்டார். அம்மா சுருக்குப்பையிலிருந்து ஆதாரை எடுத்து நீட்டினார்.

"பேரு வேற இருக்கேம்மா."

"அது எம் மருமக பேரு சார். மக மாதிரி. பணம் கட்டியாச்சு."

பணம் கட்டியது உண்மை. ஆனாலும் ரயில்வே கணக்கில் அந்த அம்மா டிக்கெட் இல்லாத பயணி. முழுக் கட்டணமும் அதற்கு மேல் அபராதமும் கட்ட வேண்டியதாயிற்று. மருமகள் பெயரிலிருந்த பெர்த், ஆர்.ஏ.சி.யில் பாதி சீட்டில் உட்கார்ந்திருந்த இன்னொருவருக்குப் போயிற்று.

வீட்டுக்குள் ஒரு பொருளை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்துவது நம் வழக்கம். குடை, வண்டி, சால்வை எல்லாம் அப்படித்தான். டிக்கெட்டை மட்டும் அப்படிப் புழங்க முடியாது. அதற்கும் ஒரு வழியை ரயில்வே திறந்து வைத்திருக்கிறது. ஆனால் அந்த வழியின் அகலம் நாம் நினைப்பதைவிடக் குறைவு, மூடும் நேரமும் நாம் நினைப்பதைவிட முந்தியது. இந்த அத்தியாயம் அதைப் பற்றியது.

சட்டம் என்ன சொல்கிறது

1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 53-ஆவது பிரிவு, ஒருவர் பெயரில் கொடுத்த டிக்கெட்டை அவர் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்கிறது. 142-ஆவது பிரிவு தண்டனையைச் சொல்கிறது: முன்பதிவு டிக்கெட்டையோ சீசன் டிக்கெட்டையோ இன்னொருவர் பயணம் செய்வதற்காக விற்றாலும் சரி, கையில் கொடுத்தாலும் சரி, மூன்று மாதம் வரை சிறையோ 500 ரூபாய் வரை அபராதமோ விதிக்கலாம். "காசு வாங்கலையே, சும்மாதானே கொடுத்தேன்" என்பது இங்கே எடுபடாது.

நடைமுறையில் வண்டியில் பிடிபட்டால் நடப்பது, சித்திரை வீதி அம்மாவுக்கு நடந்ததுதான்: டிக்கெட் இல்லாதவராகக் கருதி, கட்டணத்தோடு குறைந்தது 250 ரூபாய் கூடுதலாக வசூலிப்பார்கள். கௌரவமாக ஏறிய மனுஷிக்குப் பணத்தைவிட, பக்கத்து பெர்த்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்ததுதான் வலிக்கும்.

இத்தனை கெடுபிடி வந்ததற்குக் காரணம் உண்டு. ஒரு காலத்தில் டிக்கெட்டில் பெயர், வயது, ஆணா பெண்ணா என்பது மட்டுமே இருக்கும். யாரும் அட்டை கேட்க மாட்டார்கள். இடைத்தரகர்கள் எல்லா ஊரிலும் புழங்கும் பெயர்களில் டிக்கெட்டுகளை வாங்கிக் குவித்து, வயது பொருந்துகிறவர்களுக்குக் கூடுதல் விலைக்கு விற்றார்கள். 'ரங்கராஜன், 45' என்று ஒரு டிக்கெட் இருந்தால் ஸ்ரீரங்கத்தில் ஆள் கிடைப்பதற்கா பஞ்சம்? அதைத் தடுக்கத்தான் 2012 டிசம்பர் 1 முதல் எல்லா முன்பதிவு வகுப்புகளிலும் புகைப்பட அடையாள அட்டை கட்டாயமானது.

அதே 53-ஆவது பிரிவில் ஒரு சலுகையும் இருக்கிறது. ஒரே வண்டியில் பயணம் செய்கிறவர்கள் தங்களுக்குள் இடம் மாற்றிக்கொள்ளலாம். மூட்டுவலிக்கார மாமிக்கு லோயர் பெர்த்தைக் கொடுத்துவிட்டு நீங்கள் மேலே ஏறுவது முழுக்கச் சட்டபூர்வம். டி.டி.ஆரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும்.

ரயில்வேயின் எட்டு உறவு

கன்ஃபர்ம் ஆன டிக்கெட்டைக் குடும்பத்தில் இன்னொருவர் பெயருக்கு மாற்றித் தர ரயில்வே சம்மதிக்கிறது. ஆனால் 'குடும்பம்' என்பது அவர்கள் ஏட்டில் எட்டே பேர்: அப்பா, அம்மா, அண்ணன் தம்பி, அக்கா தங்கை, மகன், மகள், கணவன், மனைவி.

நம் ஊரில் பெரியப்பா மகனும் அண்ணன்தான், சித்தி மகளும் தங்கைதான். ரயில்வேக்கு அது புரியாது, உடன்பிறந்திருக்க வேண்டும். மாமனார், மாமியார், மருமகள், மருமகன், மச்சான், நாத்தனார், தாத்தா, பாட்டி, பேரன், பேத்தி ஆகிய யாரும் பட்டியலில் இல்லை. 'மகள் மாதிரி' போதாது. மகளாகவே இருக்க வேண்டும்.

ஆக, சித்திரை வீதி அம்மா முந்தின நாளே கவுன்டருக்குப் போயிருந்தாலும் பலன் இருந்திருக்காது. சரி, மருமகள் டிக்கெட்டை முதலில் கணவன் பெயருக்கு மாற்றி, பிறகு அங்கிருந்து அவன் அம்மா பெயருக்கு மாற்றினால்? புத்திசாலித்தனமான யோசனைதான். அதையும் விதி யோசித்து வைத்திருக்கிறது: ஒரு டிக்கெட்டில் பெயர் மாற்றம் ஒரே ஒரு முறைதான்.

இதிலிருந்து ஒரு பயனுள்ள பாடம் கிடைக்கிறது. அதே டிக்கெட் மகன் பெயரில் இருந்திருந்தால் அம்மாவுக்கு மாற்றியிருக்கலாம். மனைவிக்கோ பிள்ளைக்கோ தங்கைக்கோகூட மாற்றியிருக்கலாம். ஒரு வீட்டில் இரண்டு தலைமுறைக்கும் நடுவில் நிற்கிறவரின் டிக்கெட்தான் அதிகத் திசைகளில் நகரும். மகன் போவதா மருமகள் போவதா என்று இருவருக்கும் முடிவாகாத பயணம் என்றால், மகன் பெயரில் எடுத்து வைப்பது பிற்பாடு கைகொடுக்கும்.

உறவுக்கு வெளியே இன்னும் சிலருக்கு விதிவிலக்கு உண்டு. அரசு வேலையாகப் போகும் ஊழியருக்குப் பதில் இன்னொரு ஊழியர் போகலாம். கல்யாணக் கோஷ்டிக்கும், அங்கீகாரம் பெற்ற பள்ளி, கல்லூரி மாணவர் குழுவுக்கும் 48 மணி நேரத்துக்கு முன் குழுத் தலைவரோ நிறுவனத் தலைவரோ எழுதிக் கொடுத்தால் மாற்றுவார்கள்; அதிலும் குழுவில் பத்தில் ஒரு பங்கு பேருக்கு மேல் மாற்ற முடியாது.

கவுன்டரில் செய்ய வேண்டியது

வண்டி புறப்படுவதற்கு 24 மணி நேரத்துக்கு முன் எழுத்துமூலம் விண்ணப்பிக்க வேண்டும். இந்த 24 மணி நேரத்தைக் கடிகாரத்தில் மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். வெள்ளிக்கிழமை இரவு வண்டி என்றால், கணக்குப்படி வியாழன் இரவு வரை அவகாசம். ஆனால் கவுன்டர் பொதுவாக இரவு எட்டு மணிக்கு மூடிவிடும். திங்கள் இரவு வண்டி என்றால் இன்னும் மோசம்: ஞாயிற்றுக்கிழமை கவுன்டர் வழக்கமாக மதியம் இரண்டு மணி வரைதான். ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டுக் கொஞ்சம் கண்ணசந்துவிட்டுப் போனால் கதவுதான் தெரியும்.

கையில் எடுத்துப் போக வேண்டியவை:

1. டிக்கெட். செல்போனிலோ கம்ப்யூட்டரிலோ எடுத்த இ-டிக்கெட் என்றால் அதன் அச்சுப் பிரதி. ஆன்லைனில் எடுத்த டிக்கெட்டானாலும் பெயரை ஆன்லைனில் மாற்ற முடியாது. கவுன்டருக்கு நேரில் வந்தாக வேண்டும்.

2. பெயர் இருப்பவர், புதிதாகப் போகிறவர் இருவரின் அடையாள அட்டை, அசலும் நகலும்.

3. உறவுக்குச் சான்று. ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கு ரேஷன் கார்டு எளிது. ஸ்மார்ட் கார்டில் பெயர்கள் வரிசையாக இருக்கும். கல்யாணமாகி வேறு கார்டுக்குப் போய்விட்ட மகளுக்குப் பிறப்புச் சான்றிதழோ, பெற்றோர் பெயர் உள்ள பாஸ்போர்ட்டோ எடுத்துப் போங்கள்.

4. ஒரு பக்க விண்ணப்பம். பி.என்.ஆர்., வண்டி எண், தேதி, யார் பெயரிலிருந்து யார் பெயருக்கு, என்ன உறவு என்பவை போதும். காரணத்தை நீட்டி முழக்க வேண்டாம்.

வரிசையில் நின்று ஜன்னலுக்குப் போவதற்கு முன், தலைமை முன்பதிவு மேற்பார்வையாளரைப் பாருங்கள். மாற்றித் தரும் அதிகாரம் அவரிடம் இருக்கிறது. திருச்சி ஜங்ஷன் முன்பதிவு மையத்துக்கே நேராகப் போய்விடுவது அலைச்சலைக் குறைக்கும். ஒரே பி.என்.ஆரில் நான்கு பேர் இருந்து, ஒருவருக்கு மட்டும் மாற்ற வேண்டுமானாலும் செய்து தருவார்கள்.

மாற்றவே முடியாதவை: தட்கல் டிக்கெட், வெயிட்டிங் லிஸ்டில் நிற்கும் டிக்கெட், மாற்றுத்திறனாளி, நோயாளி போன்ற தனிச் சலுகையில் எடுத்த டிக்கெட்டைச் சலுகைக்கு உரியவரல்லாதவருக்குக் கொடுப்பது.

டி.டி.ஆர். எதைப் பார்க்கிறார்

ஒரு பி.என்.ஆரில் ஆறு பேர் இருந்தால் ஆறு பேரும் அட்டை காட்ட வேண்டும் என்பதில்லை. டிக்கெட்டில் பெயருள்ள யாராவது ஒருவர் அசல் அடையாள அட்டை காட்டினால் போதும். ஆதார், வாக்காளர் அட்டை, பான், ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், புகைப்படம் ஒட்டிய தேசிய வங்கி பாஸ்புக், அங்கீகாரம் பெற்ற கல்லூரியின் அட்டை எல்லாம் செல்லும். இதில் ஒரு பொறி இருக்கிறது. அட்டை கொண்டுவருவதாக இருந்த மாமா கடைசி நிமிடத்தில் வராமல் போய்விட்டால், மிச்சம் ஐந்து பேரும் அட்டையில்லாமல் நிற்பார்கள். ஆளுக்கொன்று எடுத்துப் போவதே நல்லது.

செல்போனில் ஆதாரைப் படம் பிடித்து வைத்திருப்பது அடையாளமாகாது. எம்-ஆதார் செயலியைத் திறந்து காட்டலாம். டிஜிலாக்கரில் அரசு நேரடியாக வழங்கிய ஆவணங்கள் இருக்கும் பகுதியைத் திறந்து காட்டலாம். அதே டிஜிலாக்கரில் நீங்களாக ஏற்றிவைத்த படம் செல்லாது. கொள்ளிடம் தாண்டினால் இடையிடையே சிக்னல் போகும் என்பதால், பிளாட்பாரத்திலேயே திறந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

திருச்சிக்காரர்களும் ஸ்ரீரங்கத்துக்காரர்களும் கவனிக்க வேண்டியது இன்னொன்று. ஜங்ஷனிலிருந்து டிக்கெட் எடுத்துவிட்டு, "வீட்டுக்குப் பக்கம்" என்று ஸ்ரீரங்கத்தில் ஏறுகிறவர்கள் நிறைய. வண்டி ஜங்ஷனை விட்டதும் டி.டி.ஆர். கைக்கருவியில் ஆளைத் தேடுகிறார், பெர்த் காலி. 'வரவில்லை' என்று குறித்துவிட்டால் அது ஆர்.ஏ.சி. பயணிக்குப் போய்விடும். சார்ட் தயாராவதற்கு முன்பே ஏறும் ஸ்டேஷனை மாற்றிக்கொள்ளுங்கள். சார்ட் முன்பு நான்கு மணி நேரம் முன்னதாகத் தயாராகும். 2025-இல் அதை இன்னும் முன்னுக்குத் தள்ளிவிட்டார்கள். ஆகவே காலையிலேயே மாற்றிவிடுவது உத்தமம். மாற்றிவிட்டால் பழைய ஸ்டேஷனில் ஏறும் உரிமை போய்விடும் என்பதையும் மறக்க வேண்டாம். திரும்பி வரும்போது இந்தத் தொல்லை இல்லை; ஜங்ஷன் வரை டிக்கெட் வைத்துக்கொண்டு ஸ்ரீரங்கத்திலேயே இறங்கிவிடலாம்.

குழந்தைகள் விஷயம்: ஐந்து வயதுக்குள் தனி பெர்த் இல்லாமல் இலவசம். ஐந்து முதல் பன்னிரண்டுக்குள் தனி பெர்த் கேட்டால், 2016 ஏப்ரல் முதல், முழுக் கட்டணம். பெர்த் வேண்டாமென்றால் பாதி. வளர்த்தியான பிள்ளை என்றால் வயதுக்கு ஒரு சான்று பையில் இருக்கட்டும்.

இனிஷியல் என்னும் தலைவலி

நமக்கு இனிஷியல்தான் குடும்பப் பெயர். ரயிலில் அதனால் பெரிய சிக்கல் வராது. ஆதாரில் 'ரங்கநாதன் எஸ்', டிக்கெட்டில் 'எஸ். ரங்கநாதன்' என்றிருந்தால் யாரும் இறக்கிவிடப் போவதில்லை. ஆனாலும் ஒரே லட்சுமியை ஆங்கிலத்தில் மூன்று நான்கு விதமாக எழுதுகிறோமே, அதைத் தவிர்க்க ஆதாரில் உள்ள எழுத்தையே பார்த்துப் பதிவு செய்யுங்கள். வீட்டில் கூப்பிடும் பெயரைப் போட்டுவிட்டுப் பிறகு தவிப்பவர்களும் உண்டு.

திருச்சி விமான நிலையத்தில் கதை வேறு. 2024 ஜூன் முதல் இயங்கும் புதிய முனையத்தின் வாசலிலேயே மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையினர் டிக்கெட்டையும் அட்டையையும் ஒத்துப் பார்த்துத்தான் உள்ளே விடுகிறார்கள். விமான டிக்கெட்டை அண்ணனிடமிருந்து தம்பிக்கு மாற்ற வழியே இல்லை. எழுத்துப் பிழை திருத்தம் மட்டும் நடக்கும். வெளிநாட்டுப் பயணம் என்றால் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து அப்பா பெயராகியிருக்கும். அதை விட்டுவிட்டு டிக்கெட் எடுக்கக் கூடாது. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் விடமாட்டோம் என்று அறிவித்தபோது, துபாய், ஷார்ஜா போகும் நம் பக்கத்துக்காரர்கள் கலங்கிப்போனார்கள். பின்னர், பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் பதிவாகியிருந்தால் ஏற்பதாகச் சொன்னார்கள். ஒற்றைப் பெயர்க்காரர்கள் டிக்கெட் எடுக்கும் முன்பே விமான நிறுவனத்தைக் கேட்டுக்கொள்வது நல்லது.

சீசனும் செல்போன் டிக்கெட்டும்

தஞ்சாவூருக்கோ கரூருக்கோ தினமும் போய்வருகிறவர்களின் சீசன் டிக்கெட்டில் அடையாள அட்டை எண் இருக்கும். "நான் இன்னைக்கு லீவு, நீ வச்சுக்கோ" என்று நண்பனிடம் கொடுத்தால் 142-ஆவது பிரிவு இருவர் மேலும் பாயும்.

முன்பதிவில்லாத பயணத்துக்குச் செயலியில் எடுக்கும் காகிதமில்லா டிக்கெட் எந்தப் போனில் இருக்கிறதோ அந்தப் போனும் கூடவே பயணிக்க வேண்டும். கணவர் வீட்டிலிருந்து எடுத்து, படம் பிடித்து வாட்ஸ்அப்பில் மனைவிக்கு அனுப்பினால் செல்லாது. முன்பதிவு டிக்கெட் இதற்கு நேர்மாறு: மகன் அமெரிக்காவிலிருந்து எடுத்து அனுப்பிய குறுஞ்செய்தி போதும், அதில் பெயருள்ள அம்மாவிடம் அட்டை இருந்தால். அங்கே செல்லுபடியாவது பெயர், இங்கே செல்லுபடியாவது போன்.

கோடை விடுமுறைக்குத் தீம் பார்க் போகிறவர்களுக்கு

பிள்ளைகளோடு சென்னை பக்கம் 2025 டிசம்பரில் திறந்த வொண்டர்லாவுக்கோ, மேட்டுப்பாளையம் பிளாக் தண்டருக்கோ போகிறவர்கள், மாணவர் சலுகையில் டிக்கெட் எடுத்திருந்தால் கல்லூரி அட்டையை மறக்க வேண்டாம். படிப்பு முடிந்த அண்ணன், தம்பி அட்டையில் உள்ளே போக முடியாது. வொண்டர்லாவில் சிறுவர் டிக்கெட்டுக்கு வயதைக் கேட்பதில்லை, உயரத்தை அளக்கிறார்கள். அளவுகோலிடம் பிறப்புச் சான்றிதழ் பேசாது.

பல நாள் டிக்கெட்டை ஆள் மாற்றி ஆள் பயன்படுத்தும் ஆசை நமக்கு மட்டும் உரியதென்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் உள்ள டிஸ்னி பூங்காவில் வாசலிலேயே விரல் வைக்கச் சொல்லி, முதல் நாள் வந்தவர்தான் மறுநாளும் வருகிறாரா என்று சரிபார்க்கிறார்கள். ஒன்றிரண்டு நாள் பயன்படுத்திய டிக்கெட்டை விற்பதை அந்த மாநிலம் குற்றமாகவே வைத்திருக்கிறது. பேரனைப் பார்க்கப் போகும் தாத்தா பாட்டிகள் நினைவில் வைக்கவும்.

ஆள் மாறினால் என்ன செய்வது

24 மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது, எட்டு உறவுக்குள் வருகிறது: ஜங்ஷன் கவுன்டருக்குப் போய்ப் பெயரை மாற்றுங்கள்.

எட்டு உறவுக்குள் வரவில்லை: உடனே ரத்து செய்யுங்கள். புறப்படும் நேரம் நெருங்க நெருங்கப் பிடித்தம் ஏறும். போக வேண்டியவர் பெயரில் புது டிக்கெட் தேடுங்கள். தட்கல் முந்தின நாள் ஏ.சி. வகுப்புக்குக் காலை 10 மணிக்கும், ஸ்லீப்பருக்கு 11 மணிக்கும் திறக்கும். 2025 ஜூலை முதல் ஆன்லைன் தட்கலுக்கு ஆதார் சரிபார்த்த கணக்கு வேண்டும் என்பதால் அதை இன்றே முடித்து வையுங்கள்.

24 மணி நேரம் தாண்டிவிட்டது: எந்த உறவானாலும் அந்த டிக்கெட்டில் ஏற்றி அனுப்பாதீர்கள். சார்ட்டுக்கு முன் ரத்து செய்தால் வெயிட்டிங் லிஸ்டில் நிற்கும் யாரோ ஒருவருக்கு அந்தப் பெர்த் போகும்.

முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்தான் திறக்கிறது. 2024 நவம்பருக்கு முன் 120 நாளாக இருந்தது. வைகுண்ட ஏகாதசிக்கு ஊர் திரும்ப நினைக்கும் சென்னைவாசிகள் அன்று காலையே போட்டி போட்டு எடுத்துவிடுவார்கள். அறுபது நாளில் யாருக்கு லீவு மாறும், யாருக்கு ஜுரம் வரும் என்று யாருக்குத் தெரியும்? அதனால் டிக்கெட் எடுத்த அன்று ஒரு முறையும், புறப்படுவதற்கு இரண்டு நாள் முன் ஒரு முறையும் வீட்டில் கேளுங்கள்: "யார் யார் போறோம்?" சித்திரை வீதி வீட்டில் அந்தக் கேள்வியை முந்தின நாள் காலை பத்து மணிக்கு முன் கேட்டிருந்தால், அம்மா தன் பெயரில் எடுத்த தட்கல் டிக்கெட்டோடு, கொள்ளிடம் தாண்டுவதற்குள் தூங்கியிருப்பார்.